பேசியது தெய்வமல்ல

வக்கீல் தொழிலில் இருந்தவர்களுக்கு மற்றத் தொழில்காரர்களுக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு. அவர்கள் காலமான பிறகு, ஆயுள் முழுவதும் எதிர்க்கட்சியில் நின்று மல்லுக்கட்டிய வக்கீலும் எழுந்து புகழ்ந்துதான் ஆகவேண்டும். பெரிய வக்கீல் ஒருவர் மறைந்தால் ஹைக்கோர்ட்டு நீதிபதிகள் ஒரே மண்டபத்தில் கூடுகிறார்கள். அட்வகேட் ஜெனரல் இரங்கல் உரை வாசிக்கிறார். தலைமை நீதிபதி பதில் உரை வாசிக்கிறார். சற்று நேரம் மௌனம். சில மாதம் கழித்து வக்கீல் சங்கத்தில் ஒரு படம் திறக்கப்படுகிறது. அதற்கும் பிறகு நண்பர்களும் ஜூனியர்களும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள்.

இந்த நினைவு மலர்களை வாசிப்பதில் எனக்கு ஒரு சபலம் உண்டு. சட்டக் கல்லூரியின் வாசற்படியைக்கூட மிதிக்காதவன் நான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு மனிதர்கள் வேண்டும். மனிதர்களுடைய சண்டையிலும் பொய்யிலும் ஆசையிலும் முப்பது நாற்பது வருஷம் மூழ்கிக் கிடந்த ஒருவரைப் பற்றி, கூடவே இருந்தவர்கள் எழுதினால் அதில் ஒரு நாவலுக்கு வேண்டிய சரக்கு இருக்காதா என்று நப்பாசை.

இருப்பதில்லை. எத்தனை மலர்களைப் புரட்டினாலும் எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான் இறந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அவருக்கு அபார ஞாபக சக்தி: எந்தத் தீர்ப்பு எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அபார நகைச்சுவை: நீதிபதி ஒன்று கேட்க, இவர் ஒன்று சொல்ல, கோர்ட்டே சிரித்தது. அபாரக் கருணை: ஏழைக் கட்சிக்காரரிடம் பீஸ் வாங்காததோடு, ஊர் திரும்பப் பஸ் சார்ஜும் கொடுத்தனுப்பினார். இப்படி மூன்று அபாரங்களையும் போட்டு மூடி, மேலே ஒரு மாலையை வைத்துவிட்டால் மலர் முடிந்தது. உள்ளே யார் என்று பெயரை மாற்றி அச்சடித்தாலும் யாருக்கும் தெரியாது.

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லவேண்டும் என்பதல்ல என் கட்சி. குறை சொல்ல ஆள் வேண்டுமே! இறந்தவரையே காணோம் என்பதுதான் என் புகார்.

பெரிய உதாரணமாகவே எடுத்துக்கொள்கிறேன். சின்னவர்களை எடுத்துக்கொண்டால் எழுதினவர்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று தப்பித்துக்கொள்ளலாம். பம்பாய் வக்கீல் நானி பல்கிவாலா 2002 டிசம்பர் 11-ம் தேதி காலமானார். அவரைப் பற்றி எழுதியவர்கள் சாமானியர்கள் அல்ல. சட்டத்திலும் எழுத்திலும் தேர்ந்தவர்கள். வாழ்க்கை வரலாறுகள் வந்திருக்கின்றன. நம்முடைய சென்னை வக்கீல் அரவிந்த் தாதாரே சக வக்கீல் ஒருவரோடு சேர்ந்து அவரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். 2004-ல் அரசாங்கம் தபால் தலையும் வெளியிட்டுவிட்டது. இத்தனைக்கும் நடுவே, அவரை நினைக்கிறவர்கள் தவறாமல் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: அவர் பேசவில்லை, தெய்வம் பேசியது.

எங்கே, எப்போது பேசியது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது.

கேரளத்தில் காசர்கோட்டுக்குப் பக்கத்தில் எடநீர் என்ற ஊரில் ஒரு மடம். மடாதிபதி கேசவானந்த பாரதி. நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் மடத்து நிலம் போகிறதென்று 1970-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுப் போட்டார். அவருடைய வழக்கில் பெரிய கேள்வி ஒன்று வந்து ஏறிக்கொண்டது: பார்லிமெண்டு நினைத்தால் அரசியல் சட்டத்தை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாமா? 13 நீதிபதிகள் உட்கார்ந்து 68 நாள் கேட்டார்கள். மடாதிபதிக்காகப் பல்கிவாலா, எதிரே கேரள அரசுக்காக எச்.எம். சீர்வை. 1973 ஏப்ரல் 24-ம் தேதி, 7 பேர் ஒரு பக்கம், 6 பேர் ஒரு பக்கம் என்று தீர்ப்பு வந்தது. திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படை அமைப்பைச் சிதைக்கக்கூடாது. நிலச் சீர்திருத்தம் நின்றது, மடாதிபதிக்கு ஜெயமில்லை. கட்சிக்காரர் தோற்று, கட்சிக்காரர் அல்லாத கோடிக்கணக்கான பேருக்கு லாபம் கிடைத்த விசித்திரமான வழக்கு அது.

மறுநாளே மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவரும் அரசாங்கத்துக்குப் பிடிக்காத பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். 1975 ஜூன் 25 இரவு அவசர நிலை வந்தது. தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. இந்த நிலைமையில் அதே வருஷம் நவம்பர் 10-ம் தேதி, 1973 தீர்ப்பு சரிதானா என்று மறுபடி பார்ப்பதற்காக 13 நீதிபதிகள் கொண்ட ஆயத்தைத் தலைமை நீதிபதி ரே கூட்டினார். அதை எதிர்த்து எழுந்தவர் பல்கிவாலா. இரண்டு நாள் விசாரணை. மூன்றாம் நாள், நவம்பர் 12-ம் தேதி, ஆயம் கலைக்கப்படுகிறது என்று ரே அறிவித்துவிட்டார். 1973 தீர்ப்பு தப்பிற்று.

இந்த இரண்டு நாளைப் பற்றித்தான் எல்லோரும் மெய்சிலிர்க்கிறார்கள். அந்த ஆயத்தில் உட்கார்ந்திருந்த எச்.ஆர். கன்னா, அன்றைய வாதத்தின் உயரத்தை அந்தக் கோர்ட்டில் யாரும் மிஞ்சியதில்லை என்ற பொருளில் பிற்பாடு எழுதினார். பேசியது நானி அல்ல, அவர் மூலமாகத் தெய்வமே பேசிற்று என்று அவர் சொன்னதாகவும் நண்பர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இதற்கு முன்பே நம்முடைய ராஜாஜி, பல்கிவாலாவைக் கடவுள் இந்தியாவுக்குக் கொடுத்த கொடை என்று சொல்லியிருக்கிறார். ராஜாஜியும் சேலத்தில் வக்கீலாக இருந்தவர். சொற்களை எடைபோட்டுப் பேசுகிறவர். கன்னாவோ, பதவி போகுமென்று தெரிந்தே தனித்து நின்று தீர்ப்பு எழுதியவர். இந்த இரண்டு பேர் வாயிலிருந்து வந்த வார்த்தையை எதிர்க்கத் துணிவு வேண்டும். துணிந்துதான் எழுதுகிறேன்.

தெய்வம் பேசிற்று என்று சொன்னவுடன் என்ன ஆகிறது பாருங்கள். கதையில் ஒரு பாத்திரம் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது, அருள் வந்தது, சிக்கல் தீர்ந்தது என்று நான் எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தொடர்கதையை அடுத்த வாரம் வாசிக்கமாட்டீர்கள். எப்படித் தீர்ந்தது என்று கேட்பீர்கள். வாழ்க்கையில் மட்டும் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. கை கூப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். தெய்வம் செய்த காரியத்தை மனிதன் திருப்பிச் செய்யவேண்டும் என்ற நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை அல்லவா? சக வக்கீல்களுக்கு அதில் எவ்வளவு நிம்மதி!

அன்று என்ன நடந்தது என்பதற்கு ஆதாரமே இந்த நினைவுகள்தான் என்பது இன்னும் மோசம். ஆயம் கலைந்துபோனதால் தீர்ப்பு இல்லை. இரண்டு நாள் பேச்சு சொல்லுக்குச் சொல் பதிவாகவும் இல்லை. வாதத்தின் எலும்புக்கூடு மட்டும் தெரியும். அவசர நிலை நடக்கும்போது, பேசவும் எழுதவும் வழியில்லாதபோது, இவ்வளவு பெரிய விஷயத்தைக் கிளற என்ன அவசரம் என்று கேட்டார். மூன்று நாளைக்கு முன்னால்தான், நவம்பர் 7-ம் தேதி, பிரதமரின் தேர்தல் வழக்கில் இதே கோர்ட்டு இதே அடிப்படைக் கொள்கையை வைத்து 39-வது திருத்தத்தின் ஒரு பகுதியைத் தள்ளியிருக்கிறதே, அதற்குள் என்ன மாறிவிட்டது என்று கேட்டார். மறுபரிசீலனை வேண்டுமென்று முறையாக மனுப் போட்டது யார் என்று கேட்டார்.

கவனியுங்கள், இவை தெய்வ வாக்கு அல்ல. ரேஷன் கடையில், பள்ளிக்கூட ஆபீஸில், தாலுக்கா கச்சேரியில் விவரம் தெரிந்த குடும்பஸ்தர் கேட்கிற கேள்விகள்தாம். என்ன அவசரம்? போன வாரம் வேறு மாதிரி சொன்னீர்களே? யார் கேட்டு இதைச் செய்கிறீர்கள்? இவற்றை 13 நீதிபதிகளுக்கு எதிரே, அந்த நவம்பர் மாதத்தில், தொண்டை நடுங்காமல் கேட்டார் என்பதில்தான் பெருமை.

அந்தத் தொண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கிவாலாவுக்குச் சிறுவயதில் திக்குவாய். முன்னோர் பல்லக்குச் செய்த பார்சிக் குடும்பம். பெயரே அதனால் வந்தது. திக்குகிற பையன் பேச்சுப் போட்டிகளில் ஏறி ஏறித்தான் அதை வென்றான். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டுப் பம்பாய் சர்வகலாசாலையில் விரிவுரையாளர் வேலைக்கு மனுப் போட்டார்; வேலை ஒரு பெண்மணிக்குப் போயிற்று. சரி என்று சட்டத்துக்கு வந்தார். சர் ஜம்ஷெட்ஜி காங்காவின் ஜூனியராக உட்கார்ந்தார். 1950-ல் சீனியர் பெயரோடு தம் பெயரும் சேர்த்து வருமான வரிச் சட்டத்துக்கு ஒரு உரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 30. வருமான வரிச் சட்டம்! உலகத்தில் அதைவிட வறண்ட வஸ்து உண்டா? பாலைவனத்தில்கூட இரண்டு ஈச்ச மரம் நிற்கும். அதைப் பிரிவு பிரிவாக, வரி வரியாகப் படித்து உரை எழுதியவருக்கு, பின்னால் பட்ஜெட்டைப் பற்றிக் குறிப்பில்லாமல் பேச முடிந்தது. 1958-ல் ஒரு ஓட்டல் ஹாலில் ஆரம்பித்த அந்தப் பேச்சு கூட்டம் தாங்காமல் பிராபோர்ன் ஸ்டேடியத்துக்கு மாறிற்று. மைதானம் நிரம்பியதைச் சொல்கிறவர்கள், மேஜை விளக்கடியில் கழிந்த அந்த ராத்திரிகளைச் சொல்வதில்லை. சொன்னாலும், "அயராத உழைப்பாளி" என்று இரண்டு வார்த்தையில் தீர்த்துவிடுகிறார்கள்.

நண்பர்கள் மறந்துபோகிற இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே நான் பல்கிவாலாவுக்கு எதிர்க்கட்சி. 1969 ஜூலை 19-ம் தேதி 14 வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. அதை எதிர்த்து ஒரு பங்குதாரருக்காக வாதாடி 1970 பிப்ரவரியில் ஜெயித்தவர் இவர். அதே வருஷம் டிசம்பரில், முன்னாள் மகாராஜாக்களின் மானியத்தை ரத்து செய்த உத்தரவையும் தோற்கடித்தார். டாட்டா கம்பெனிகளில் பெரிய பதவிகள் வகித்தவர். பணக்காரர்களின் வக்கீல் என்று அந்நாளில் அவரை ஏசியவர்கள் இருந்தார்கள், அவர்கள் எல்லோரும் முட்டாள்களும் அல்ல. வங்கி வாசலில் நிற்கவே கூச்சப்பட்ட குடியானவர்களும் குமாஸ்தாக்களும் உள்ளே போய்ப் பாஸ் புத்தகம் வாங்கியது வங்கிகள் சர்க்கார் கைக்கு வந்த பிறகுதான் என்பது என் அபிப்பிராயம். மகாராஜாக்களின் மானியத்துக்காக எனக்குக் கண்ணீரும் வராது.

நினைவு எழுதுகிறவர்களிடம் இது எப்படி வருகிறது? "வங்கி வழக்கு, மானிய வழக்கு ஆகிய வெற்றிகளைத் தொடர்ந்து" என்று ஒரு மூச்சில் வந்து போகிறது. ஏன் ஓடவேண்டும்? நின்று பேசினால் எவ்வளவு சுவாரசியமான மனிதர் கிடைக்கிறார்! சொத்துரிமையைக் காப்பாற்றுவதற்காகத் தீட்டித் தீட்டி வைத்த வாதம், 1975-ல் ஆளுடைய பேச்சுரிமையைக் காப்பாற்ற உதவிற்று. பங்குதாரருக்காகப் பிடித்த வாளை ஊர்பேர் தெரியாத கைதிக்காகவும் சுழற்ற வேண்டி வந்தது. இது அவருக்கு உறுத்திற்றா, உறுத்தவில்லையா? தம் கட்சிக்காரர்களைப் பற்றி ராத்திரியில் என்ன நினைத்தார்? கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் ஞாபக சக்தியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எதிரே நின்ற சீர்வையிடமிருந்து கிடைத்த அஞ்சலி இவற்றையெல்லாம்விடப் பெரியது. அவரும் காங்காவின் அறையிலிருந்து வந்தவர்தாம். பார்லிமெண்டின் அதிகாரத்துக்கு எல்லை இல்லை என்று கேசவானந்த பாரதி வழக்கில் நாள்கணக்காக வாதாடியவர். அவசர நிலையைக் கண்ணால் பார்த்த பிறகு, அரசியல் சட்டத்தைப் பற்றிய தம் பெரிய நூலின் பிந்திய பதிப்பில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, அடிப்படை அமைப்புக் கொள்கை சரிதான் என்று ஒப்புக்கொண்டார். எதிர்க்கட்சி வக்கீல் அச்சில் சொன்ன வார்த்தை அது. அதில் தெய்வமும் இல்லை, மாலையும் இல்லை. உன் வாதத்தை மறுபடி யோசித்துப் பார்த்தேன், நீ சொன்னது சரி என்கிறார். ஒரு வக்கீலுக்கு வேறென்ன நினைவு மலர் வேண்டும்?

இனி, மனிதனால் செய்யக்கூடியது என்று நான் சொல்லும் காரியங்களுக்கு வருகிறேன்.

1968-ல் மத்திய சட்ட மந்திரி கோவிந்த மேனன், அட்டர்னி ஜெனரல் பதவியை ஏற்கும்படி பல்கிவாலாவைக் கேட்டார். முதலில் சம்மதித்தவர் மறுநாள் காலை வேண்டாமென்றுவிட்டார். ஏதோ உள்ளிருந்து தடுத்ததென்று அவரே எழுதியிருக்கிறார். விதியிலும் தெய்வ சித்தத்திலும் அவருக்கு நம்பிக்கை உண்டு. அது அவர் அடக்கம். தாம் செய்த காரியத்தைத் தெய்வத்தின் தலையில் ஏற்ற அவருக்கு உரிமை உண்டு. மற்றவர்கள் அதைத் தொட்டுக்கொள்ளக்கூடாது. அந்தப் பதவி நிரேன் தேக்குப் போயிற்று. 1975 நவம்பரில் மறுபரிசீலனை வேண்டுமென்று எதிரே நின்றவர் அந்த நிரேன் தேதான். பிற்பாடு ஆள்கொணர்வு வழக்கு விசாரணையில் நீதிபதி கன்னா அவரைக் கேட்டார்: போலீஸ்காரன் ஒருவன் சொந்தப் பகைக்காக ஒருவனைக் கொன்றுவிட்டாலும் பரிகாரம் இல்லையா? அவசர நிலை இருக்கும்வரை இல்லை என்று பதில் சொன்னார் நிரேன் தே. நாற்காலி அந்தப் பதிலைச் சொல்லச் சொல்லிற்று. 1968-ல் ஒரு காலை வேளையில், இந்த நாற்காலி எனக்கு வேண்டாம் என்று சொன்னதன் அர்த்தம் எட்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்தது 1975 ஜூன். அலகாபாத் ஹைக்கோர்ட்டு பிரதமரின் தேர்தல் செல்லாது என்றது. அப்பீலில் பிரதமருக்காக சுப்ரீம் கோர்ட்டில் நின்றவர் யார் தெரியுமா? வங்கி வழக்கிலும் மானிய வழக்கிலும் அதே பிரதமரின் சர்க்காரைத் தோற்கடித்த இதே பல்கிவாலாதான். நீதிபதி கிருஷ்ண ஐயர் 24-ம் தேதி நிபந்தனையோடு தடை உத்தரவு கொடுத்தார்: சபையில் உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போடக்கூடாது. 25 இரவு அவசர நிலை. உடனே பல்கிவாலா கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாட்டிலேயே பெரிய கட்சிக்காரர், எல்லா அதிகாரமும் கையில் குவிந்திருக்கிற நேரம். பீஸைத் திருப்பியனுப்புகிற விஷயமா அது? ஜெயிலுக்குப் போகிற விஷயமாக ஆகியிருக்கலாம். பாலி நாரிமன் அப்போது மத்திய அரசில் அடிஷனல் சொலிசிட்டர் ஜெனரல். அவரும் அவசர நிலை அறிவித்தவுடனே பதவியை ராஜிநாமா செய்தார். சொற்பொழிவு இல்லை, ஒரு தாளில் சில வரிகள். அதற்கு அருள் வரவேண்டியதில்லை. பேனாவில் மை இருந்தால் போதும்.

நம்மவர் ஒருவர் செய்த காரியம் இவற்றையெல்லாம்விடச் சிறியது. அதனாலேயே எனக்குப் பிடித்தமானது. நவம்பர் விசாரணையின் நடுவே, மறுபரிசீலனையைக் கேட்டது யார் என்ற கேள்வி எழுந்தபோது, தமிழ்நாடு கேட்டதாகத் தலைமை நீதிபதி ரே சொன்னார். தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரல் கோவிந்த் சுவாமிநாதன் கோர்ட்டில் இருந்தார். எழுந்தார். நாங்கள் அப்படி ஒருநாளும் கேட்கவில்லை என்றார். அவ்வளவுதான். கட்டடத்தில் ஒரு செங்கல்லை உருவினால் போதும், சில சமயம் சுவரே சரிந்துவிடும். யாருமே கேட்காத மறுபரிசீலனைக்காக 13 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் வெட்டவெளிச்சமாயிற்று.

இந்தக் கோவிந்த் சுவாமிநாதன் யார்? அம்மு சுவாமிநாதனின் மகன், கேப்டன் லட்சுமியின் சகோதரர், மிருணாளினி சாராபாயின் சகோதரர் என்று சொன்னால் நமக்கு உடனே தெரிகிறது. அம்மா அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். ஒரு சகோதரி நேதாஜியின் படையில், ஒரு சகோதரி நாட்டிய மேடையில். நடுவே கறுப்புக் கோட்டுப் போட்ட இவரை யாருக்கு ஞாபகம்? அவர் எழுந்து நின்ற அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். மத்திய சர்க்கார் எந்த மாநில சர்க்காரையும் நினைத்த மாத்திரத்தில் கலைக்கலாம். இரண்டரை மாதம் கழித்து, 1976 ஜனவரி 31-ம் தேதி, தமிழ்நாட்டு சர்க்கார் கலைக்கப்பட்டும் போயிற்று. வேறு காரணங்கள் சொன்னார்கள், அது வேறு கதை. மௌனமாக இருந்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. நாட்டின் தலைமை நீதிபதி ஒன்று சொல்லும்போது ஒரு மாநில வக்கீல் மறுப்பாரா, ஏதோ கடிதப் போக்குவரத்துக் குழப்பம் என்று விட்டுவிட்டிருக்கலாம். தன் கட்சிக்காரர் கேட்காததைக் கேட்டதாகச் சொன்னால் எழுந்து, இல்லை என்று சொல்லவேண்டும் என்பது வக்கீல் தொழிலின் அரிச்சுவடி. முன்சீப் கோர்ட்டில் நேற்று கவுன் மாட்டிய பையனுக்கும் தெரிந்த பாடம். அதைத்தான் அவர் செய்தார்.

அந்தக் கோர்ட்டு அறையில் அன்று பேசியது தெய்வம் என்றால், இவர் பேசியது என்ன? யாரும் சொல்வதில்லை. தெய்வத்துக்குப் பக்கத்தில் இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது.

இதை ஒரு வக்கீல் நண்பரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "நீங்கள் கதைக்காரர், பெரியவர்களைச் சின்னவர்களாக்குவது உங்கள் தொழில். அந்தக் குரலை, அந்த ஆங்கிலத்தை, சொல்லுக்குச் சொல் அடுக்கி வருகிற அந்த வேகத்தை நீங்கள் நேரில் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். எல்லோராலும் பல்கிவாலா ஆகிவிட முடியுமா?" என்றார்.

முடியாது. முடியவேண்டும் என்று யார் சொன்னது? கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுக்க முடியும். காலையில் பதவி வேண்டாமென்று போன் செய்ய முடியும். எழுந்து நின்று, நாங்கள் கேட்கவில்லை என்று சொல்ல முடியும். அவருடைய குரலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இவற்றிலிருந்து தப்பிவிடலாம் என்பதைத்தான் நான் சுட்டுகிறேன். நண்பருக்கு என் பதில் திருப்தி தரவில்லை. காப்பியை ஆறவிட்டுவிட்டார்.

அந்தக் குரலின் கதை எப்படி முடிந்தது என்பதையும் எழுதியவர்கள் உண்டு. அந்த எழுத்தில்தான் எனக்கு மனுஷ வாடை அடித்தது. கடைசிக் காலத்தில் நோய் பல்கிவாலாவின் பேச்சைப் பறித்துவிட்டது. வந்தவர்களை அடையாளம் தெரியவில்லை. அவரிடம் தொழில் பழகிய சோலி சொராப்ஜி, அதைப் பார்க்க நேர்ந்த வேதனையை எழுதியிருக்கிறார். திக்கித் தொடங்கி, மைதானத்தை நிறைத்து, பிறகு ஒரு சொல்லும் இல்லாமல் உட்கார்ந்திருந்த மனிதர். இதை எழுதும்போது சொராப்ஜி தெய்வத்தைக் கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றியிருக்காது.

தர்ம காரியங்களையும் பலர் சொல்கிறார்கள். சென்னையில் சங்கர நேத்ராலயா கண் ஆஸ்பத்திரிக்கு அவர் பெரிய தொகை கொடுத்தார், விளம்பரம் வேண்டாமென்றார். நல்ல காரியம். ஆனால் இதைச் சொல்லும்போது நண்பர்கள் காட்டுகிற உற்சாகத்தைப் பார்த்தால், வக்கீலுக்குப் பரிகாரம் செய்கிறார்களோ என்று சந்தேகம் வருகிறது. வாதாடியதற்கே அவரை நினைக்கலாமே. அதற்கு நன்கொடைச் சீட்டு எதற்கு?

அந்தக் காலத்து மனிதர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கன்னா 2008-ல் போனார். சீர்வையின் ஜூனியராக இருந்து கேசவானந்த பாரதி வழக்கின் உட்கதையை எழுதிய ஆந்த்யாருஜினா 2017-ல் போனார். மடாதிபதி 2020-லும், சொராப்ஜி 2021-லும், நாரிமன் 2024-லும் மறைந்தார்கள். அன்று கேஸ் கட்டுத் தூக்கி நின்ற ஜூனியர்கள் சிலர் இன்னும் இருப்பார்கள். எழுபது, எண்பது வயதிருக்கும். அடுத்த இரங்கல் கூட்டத்தில் அவர்களைத்தான் மேடையில் உட்காரவைப்பார்கள். அவர்களும் தெய்வம் பேசிற்று என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

அவர்களிடம் நான் வேறு கேட்கிறேன். முதல் நாள் ராத்திரி அவர் எத்தனை மணிவரை விழித்திருந்தார்? எந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துவரச் சொன்னார்? 13 பேரில் யார் முகத்தைப் பார்த்துப் பேசினார், யாரைப் பார்ப்பதைத் தவிர்த்தார்? திக்குவாய் எந்த இடத்திலாவது எட்டிப் பார்த்ததா? கோவிந்த் சுவாமிநாதன் எழுந்து இல்லை என்று சொன்னபோது அறையில் சத்தம் இருந்ததா, மௌனமா? அவர் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருந்தவர் கையைத் தொட்டாரா? நவம்பர் 12-ம் தேதி காலை, ஆயம் கலைக்கப்படுகிறது என்று தலைமை நீதிபதி சொல்லி எழுந்து போனதும், காலியாகிவிட்ட 13 நாற்காலிகளுக்கு எதிரே நின்று நீங்கள் எல்லோரும் ஒருவரோடொருவர் என்ன பேசிக்கொண்டீர்கள்?